மச்சுக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைவு

நகராட்சிக் கட்டடத்தின் லிஃப்ட் மூன்றாவது மாடியோடு கையை விரித்துவிடும். அதற்கு மேல் மரப்படிதான். மரப்படி முடிகிற இடத்தில், கூரைச் சரிவுக்கு அடியில், 'மச்சு அறை அனுமதிப் பிரிவு' என்று ஒரு பித்தளைப் பலகை பளபளத்தது. யார் திறந்து வைத்தார், யார் தலைமை தாங்கினார், யார் முன்னிலை வகித்தார் என்பதெல்லாம் அதில் பொறித்திருந்தது. காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பது மட்டும் இல்லை.

அந்தப் படியில் தையல்காரி ஏறுவது அன்றைக்கு ஏழாவது தடவை. கழுத்தில் மூன்று மீட்டர் இன்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டிய துணியை மெஷினில் பாதியோடு விட்டுவிட்டு ஓடிவந்தவளுக்கு அதைக் கழற்றி வைக்கத் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமைக்குள் காகிதம் கைக்கு வர வேண்டும்.

காகிதம் அவளுக்காக இல்லை, வாலுக்காக. வாலு என்பது அக்கா மகள். வயசு எட்டு. அவள் அப்பன் எந்தத் திசையில் போனான் என்பது யாருக்கும் தெரியாது. அக்கா எட்டு மாசத்துக்கு முன்னால் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து வாலு குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிறாள். "சித்தி வீட்டுக்குத் தாராளமா அனுப்பலாம்," என்றார் காப்பக மேடம். "ஆனா குழந்தைக்குன்னு தனியா ஒரு அறை வேணும். ஜன்னல் வேணும். மனுஷர் தங்கலாம்னு நகராட்சி ஒத்துக்கிட்ட அறையா இருக்கணும்."

தையல்காரியின் வீடு அகலத்தில் கஞ்சம். முன்னறையில் இரண்டு மெஷின், வெட்டுமேஜை, துணி மூட்டை, வாடிக்கையாளர் உட்கார ஒரு பெஞ்சு. அதற்குப் பின்னால் ஒரு படுக்கையறை, அதற்கும் பின்னால் சமையலறை. மேலே ஓட்டுக் கூரைக்கு அடியில் மச்சு. பழைய பெட்டியும் உடைந்த நாற்காலியும் கிடந்த இடம். அதைத்தான் அறையாக்கினார்கள். வேலை தொடங்க அனுமதி வாங்கவே நாலு மாசம் ஆனது. தச்சர் வந்து படி வைத்தார், சரிவில் ஜன்னல் வைத்தார், தரைக்குப் பலகை போட்டார். பேக்கரியில் மாவு பிசைகிற புருஷன், விடுமுறை நாளெல்லாம் சுவருக்கு மஞ்சள் அடித்தான். வாலு கேட்ட நிறம் அது. காப்பகத்திலிருந்து எழுதுகிற கடிதத்தில் எல்லாம் அவள் அந்த மச்சைத்தான் வரைந்து அனுப்பினாள். ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பறவை.

இனி 'தங்கலாம்' என்கிற சான்று ஒன்றுதான் பாக்கி. அது இல்லாவிட்டால், வரிசையில் அடுத்ததாகக் காத்திருக்கும் வேறு ஊர்க் குடும்பத்தோடு வாலு திங்கட்கிழமை போக வேண்டியதுதான். நல்ல குடும்பமாம். நாலு படுக்கையறை வீடாம். காப்பக மேடம் அதைச் சொன்னபோது தையல்காரிக்கு அந்த நாலு அறையையும் கத்தரிக்கோலால் வெட்டிப்போட வேண்டும்போல இருந்தது.

பிரிவில் மூன்று ஜன்னல். ஒன்றாம் ஜன்னலில் விண்ணப்பம், இரண்டாம் ஜன்னலில் விளக்கம், மூன்றாம் ஜன்னலில் புகார். மூன்றுக்கும் பின்னால், அறையின் நட்ட நடுவில், பிரிவுத் தலைவரின் மேஜை. அவருக்குப் பின்சுவரில் ஒரு படம்: கோடு ஒன்று ஏறி ஏறிப் போய் உச்சியில் நின்றது. அடியில், 'புகார்கள் மீது 24 மணி நேரத்தில் நடவடிக்கை: நூற்றுக்கு நூறு.' தலைவர் யாரோடு பேசினாலும் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார், அந்தப் படம் மறையாதபடிக்கு.

முதல் நாளிலிருந்தே தையல்காரி அங்கே ஒன்றைக் கவனித்து வியந்திருந்தாள். தலைவரின் மேஜைக்கு முன்னால் வருகிறவர்கள் எல்லோருமே இடுப்பை வளைத்துக் குனிந்தார்கள். குமாஸ்தா குனிந்தார். தேநீர் கொண்டு வந்தவர் தட்டோடு குனிந்தார். பக்கத்துப் பிரிவிலிருந்து அரட்டை அடிக்க வந்த ஆள்கூடக் குனிந்துதான் அரட்டையைத் தொடங்கினார். தலைவரும் கண்ணைப் பாதி மூடி, தலையை லேசாக அசைத்து, அதை ஏற்றுக்கொள்வார். உலகத்தில் இத்தனை மரியாதையும் ஒரு மனுஷனுக்கா என்று தையல்காரியும் ஆறு தடவை குனிந்துவிட்டுத்தான் பேசினாள்.

குனிந்ததற்கு என்ன கிடைத்தது என்று கேட்கக் கூடாது. இரண்டாம் தடவை, "போட்டோவுல ஜன்னல் மூடியிருக்கு. ஜன்னல்னா திறக்கணும். திறந்து வச்சு எடுத்துட்டு வாங்க," என்றார். மூன்றாம் தடவை திறந்து வைத்து எடுத்துக்கொண்டு போனாள். "இதுல வெளிச்சம்தான் தெரியுது, ஜன்னல் எங்கே?" என்றார். ஐந்தாம் தடவை அவள், "சார், குழந்தை மேல தூங்க மட்டும்தான் போகும், படிக்கிறது சாப்பிடுறது எல்லாம் கீழதான்," என்று சொல்லிப் பார்த்தாள். தலைவர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி, விரல் வைத்து, குரலை உயர்த்தி வாசித்தார்: "மச்சில் ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆள் இருந்தால் அது குடியிருப்பே ஆகும். நாலு மணி நேரம்தான் தூங்குமா உங்க குழந்தை?"

இன்றைக்கு ஏழாம் தடவை. ஆய்வாளர் போன வாரம் வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார். அறிக்கை வந்துவிட்டது என்று இரண்டாம் ஜன்னலில் சொன்னார்கள். தாளை வாங்கிப் படித்தாள். 'தேவையான உயரம் 220 செ.மீ. உள்ள உயரம் 218 செ.மீ. நிராகரிக்கப்படுகிறது.'

இரண்டு சென்டிமீட்டர். கோட்டுக்கு வைக்கிற பொத்தான் ஒன்றின் அகலம். குழந்தை குதிக்குமே, கனமான பலகையாகப் போடுவோம் என்று தச்சர் போட்ட பலகை அது. பிரியத்தில் கூடிய கனம், உயரத்தில் குறைந்துவிட்டது.

தையல்காரிக்குக் காது மடல் சூடேறியது. தாளைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நேரே தலைவரின் மேஜையை நோக்கி நடந்தாள். குனிய வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

'ணங்' என்று ஒரு சத்தம். நெற்றிப்பொட்டில் மின்னல் வெட்டியது. கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு நேரே ஒரு மர உத்தரம். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடியாக ஓடியது. நடுவில் யாரோ ஒரு சின்னத் தலையணையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அவள் மோதியது அதற்கு அரையடி தள்ளி. வலியிலும் அவள் கண் அந்தத் தலையணை உறையின் தையலைப் பார்த்தது. பல் பல்லாக, கண்ணை மூடிக்கொண்டு போட்ட தையல்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை நாள் இவர்கள் எல்லோரும் குனிந்தது அந்த ஆளுக்கு இல்லை. மரத்துக்கு.

மூன்றாம் ஜன்னலில் இருந்த அம்மா, "எல்லாரும் ஒரு தடவை முட்டுவாங்க," என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "நான் சேர்ந்த அன்னிக்கு ரெண்டு தடவை."

தையல்காரி தண்ணீரை வாங்கவில்லை. கழுத்து டேப்பை உருவி, ஒரு முனையைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை உத்தரத்துக்கு இழுத்தாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் தலைவர்.

"சார், இது எவ்வளவு உயரம்?"

"எது?"

"இதுதான். உங்க தலைக்கு மேல இருக்கிறது."

"என் தலைக்கு மேல கமிஷனர் இருக்கார். வேற யாரும் இல்ல."

"இருநூறு கூட இல்ல சார். நூத்தி ஐம்பத்தெட்டு!" உத்தரத்துக்கு அடியில் நின்றுகொண்டு அவள் சத்தம் போட்டாள். பிறகு இரண்டடி நகர்ந்து கூரையின் உச்சிக்குக் கீழே அளந்தாள். "உச்சியிலேயே இருநூத்தி ஒண்ணுதான். என்னுது இருநூத்திப் பதினெட்டு. இங்க உட்கார்ந்துக்கிட்டு என் மச்சு குள்ளம்னு எழுதறீங்களா?"

தலைவர் அசரவில்லை. "தையல் டேப் அங்கீகாரம் பெற்ற அளவுகோல் இல்ல. அதோட, இது அலுவலகம். மனுஷர் தங்குற இடத்துக்குத்தான் அந்த விதி."

"அப்போ நீங்கல்லாம் யாரு?"

ஒன்றாம் ஜன்னலில் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை விழுங்கினால் வருகிற இருமல்.

"நாலு மணி நேரத்துக்கு மேல ஆள் இருந்தா குடியிருப்புன்னு நீங்கதானே சார் படிச்சுக் காட்டினீங்க? விரல் வச்சுக் காட்டினீங்களே!"

இரண்டாம் ஜன்னல்காரர் எழுந்து நின்று, மிகுந்த பணிவோடு சொன்னார்: "சார், அந்த விதிப்படி பார்த்தா நாம தப்பிச்சிடலாம். பதினொண்ணுக்கு வர்றோம், மூணுக்குப் போயிடறோம்."

"உட்காருய்யா!" என்றார் தலைவர். தையல்காரியின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டார். "பாருங்கம்மா, உங்க கஷ்டம் புரியுது. விதின்னு ஒண்ணு இருக்கில்ல. ரெண்டு சென்டிமீட்டர்னு விட்டா, நாளைக்கு இன்னொருத்தர் மூணு கேப்பார்."

"பலகையைப் பேர்த்துட்டு மெல்லிசா போட்டுடறேன் சார். நாளைக்கே போடச் சொல்றேன்."

"அது கட்டட மாற்றம். புது விண்ணப்பம். தொண்ணூறு நாள்."

தையல்காரி சுற்றிலும் பார்த்தாள். சுவரில் இருந்த படம் கண்ணில் பட்டது. ஏறி ஏறிப் போன கோடு.

"புகாருக்கு மட்டும் ஒரே நாளா?"

"இருபத்துநாலு மணி நேரம்," என்றார் தலைவர். அவர் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. "இந்தப் பிரிவு தொடங்கினதிலிருந்து ஒண்ணுகூடத் தவறினதில்ல."

அவள் மூன்றாம் ஜன்னலுக்குப் போனாள். "ஒரு புகார்த் தாள் குடுங்க."

அனுமதிக்குப் பதினொரு பக்கம், புகாருக்கு அரைப் பக்கம். அடுத்தவனை மாட்டிவிடுவதில் யாருக்கும் சிரமம் இருக்கக் கூடாது என்று அந்தத் தாளைத் தயாரித்தவர் நினைத்திருக்க வேண்டும். 'அனுமதியின்றி ஆட்கள் புழங்கும் மச்சின் முகவரி' என்ற இடத்தில் நகராட்சிக் கட்டடத்தின் முகவரியை எழுதினாள். 'புழங்குவோர் எத்தனை பேர்' என்ற இடத்தில் தலையை எண்ணி ஆறு என்று போட்டாள். மூன்றாம் ஜன்னல் அம்மா அதைப் படித்தாள். ஒரு கணம் திரும்பித் தலைவரைப் பார்த்தாள். பிறகு முத்திரையை எடுத்து, பன்னிரண்டு வருஷத்துக் கழுத்து வலியையும் சேர்த்து, 'டப்' என்று குத்தினாள்.

"நேரம் பன்னிரண்டு இருபது," என்றாள் சத்தமாக. "பதிவாயிடுச்சு சார்."

தலைவரின் முகத்தில் ஓடியதைப் பார்க்கத் தையல்காரிக்கு அன்றைக்குப் பொறுமை இல்லை. கொஞ்சம் வெட்கப்படட்டும், வெட்கத்தில் கையெழுத்துப் போடட்டும் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

அவள் கணக்கு அங்கேதான் தப்பியது. வெட்கம் என்பது கொஞ்சமாவது குனியத் தெரிந்தவர்களுக்கு வருவது. தலைவர் இரவெல்லாம் யோசித்தது வேறு. நடவடிக்கை எடுக்காவிட்டால் நூற்றுக்கு நூறு தொண்ணூற்றொன்பதாகிவிடும். அந்தக் கோடு கீழே வளையும். வளைந்த கோட்டைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி நாற்காலியில் உட்காருவது?

வியாழக்கிழமை காலை அவள் மரப்படி ஏறியபோது, கதவில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு, பூட்டின்மேல் சிவப்பு அரக்கு. பக்கத்தில் ஒரு அறிவிப்பு: 'இந்த மச்சு மனுஷர் தங்கத் தகுதியற்றது. மூடி முத்திரையிடப்பட்டது. உத்தரவு: பிரிவுத் தலைவர்.' படி திரும்புகிற இடத்தில், ஒரு மடக்கு நாற்காலியில், பிரிவுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் படம். ஆட்கள் ஏறி இறங்கும்போதெல்லாம் காலை இழுத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களாம்மா?" என்றார். மடியிலிருந்த படத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். "என் சொந்த அறைன்னும் பார்க்கல. இருபத்துமூணு மணி நேரத்துல முடிச்சுட்டேன். கமிஷனரே போன் பண்ணிப் பாராட்டினார்."

"என் ஃபைல் எங்க சார்?"

"உள்ள."

"எடுத்துக் குடுங்க."

"சீல் வச்ச அறையைத் திறக்கறதுக்கு அனுமதி வேணும்."

"யார்கிட்ட வாங்கணும்?"

"இந்தப் பிரிவுலதான்."

"குடுங்க."

"முத்திரை உள்ள இருக்கு."

தையல்காரி படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்காவிட்டால் அவரைப் பிடித்திருப்பாள்.

"உங்களுக்கெல்லாம் நெஞ்சுல என்னய்யா இருக்கு, அரக்கா?" அவள் சத்தம் மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் இறங்கியது, கதவுகள் திறந்தன. "எட்டு மாசமா ஒரு குழந்தை பெட்டியைக் கட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குய்யா! ஒவ்வொரு தடவையும் நான் போனா செருப்பை மாட்டிக்கிட்டு ஓடி வருது, இன்னிக்கா சித்தி, இன்னிக்கா சித்தின்னு. நான் என்ன சொல்லட்டும்? பொத்தான் அகலத்துக்கு மாட்டிக்கிட்டோம்டின்னு சொல்லட்டுமா? ஜன்னலைத் திறன்னீங்க, திறந்தேன். மூடுன்னா மூடியிருப்பேன். ஆறு தடவை உங்க மரக்கட்டைக்கு முன்னால குனிஞ்சேன். உங்க கோடு வளையக் கூடாது, எங்க முதுகு வளையலாம், இல்ல?"

தலைவர் மெல்லச் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினார். "உணர்ச்சிவசப்படாதீங்க. உங்க புகார் தீர்ந்துடுச்சு. அது பத்தி உங்க கருத்து. ஒரு டிக் போட்டுட்டீங்கன்னா போதும்."

அட்டையில் இரண்டே கட்டம்: 'திருப்தி.' 'மிகுந்த திருப்தி.'

அவள் அதை நாலாகக் கிழித்து, அவர் மடியிலிருந்த படத்தின்மேல் போட்டுவிட்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. வெட்டுமேஜையில் கிடந்த துணியை இழுத்தாள். மெஷினை மிதித்த மிதியில் ஊசி முறிந்தது. புருஷன் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மாவு பிசைகிறவன், எதையும் ஊறவிட்டுத்தான் பேசுவான்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"மேடம் கேக்கறது என்ன? குழந்தைக்கு ஒரு அறை, நகராட்சி ஒத்துக்கிட்ட அறை. அவ்வளவுதானே?"

"அதுக்குத்தானே எட்டு தடவை ஏறி இறங்கினேன்!"

"நம்ம படுக்கையறை ஒத்துக்கிட்ட அறைதானே? வீடு கட்டின நாள்லேருந்து வரைபடத்துல இருக்கு."

"அதுல நாம படுக்கறோம்."

"அதான் சொல்றேன். நாம மேல போயிடுவோம்."

ஊசி முறிந்த மெஷின் சும்மா சுற்றி நின்றது. தையல்காரி அவனையே பார்த்தாள். எட்டு மாசமாக இதைத் தச்சர் நினைக்கவில்லை, காப்பக மேடம் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. மச்சு வாலுக்கு என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டதோடு எல்லோர் மூளையும் மச்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இதை முதல்லயே சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

"நீ பேச விட்டாத்தானே?"

அன்றைக்கும் மறுநாளும் கட்டிலைப் பிரித்து மேலே ஏற்றினார்கள். கீழறைச் சுவரை மஞ்சளாக்க நேரமில்லை. தையல்காரி மஞ்சள் துணி வெட்டி ஜன்னல் திரை தைத்துப் போட்டாள்.

சனிக்கிழமை காப்பக மேடம் வந்தார். கையில் அட்டை, அட்டையில் கேள்விகள். கீழறையைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார், வீட்டின் பழைய வரைபடத்தை விரித்துச் சரிபார்த்தார். ஒவ்வொன்றாக டிக் விழுந்தது. கடைசியில் பேனாவை நிறுத்தி, "நீங்க ரெண்டு பேரும் எங்க தூங்கறீங்க?" என்று கேட்டார்.

தையல்காரி வாயைத் திறந்தாள். திறந்தால் தலைவரின் பரம்பரையே வெளியே வரும் என்று புருஷனுக்குத் தெரியும். முந்திக்கொண்டான்.

"மேல, மேடம். சாமான் போட்டு வைக்கிற இடத்துல."

"அங்கே மனுஷங்க தங்கக் கூடாதே?"

"எங்களையும் சாமான்னு எழுதிக்கோங்க. பழசுதான், யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க."

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராவது புகார் கொடுத்தா?"

"குடுக்கட்டும் மேடம்," என்றாள் தையல்காரி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதில் வார்த்தைகள் நசுங்கி வந்தன. "புகார் வாங்குற ஜன்னலையே சீல் வச்சுட்டாங்க."

மேடத்தின் அட்டையில் பெரியவர்கள் எங்கே தூங்க வேண்டும் என்று எந்தக் கேள்வியும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வாலு வந்தாள். பெட்டியை முன்னறையில் போட்டாள், செருப்பைக் கழற்றவில்லை, கீழறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்தப் படி எங்கே இருக்கிறது என்று வரைந்து வரைந்தே பழகியிருந்தவள், தடதடவென்று மேலே ஓடினாள். தையல்காரி பின்னாலேயே போனாள்.

மச்சின் நடுவில் வாலு நின்றாள். மஞ்சள் சுவரைத் தடவினாள். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பிறகு பெரிய கட்டிலைப் பார்த்தாள், சித்தியின் புடவை மடித்திருந்ததைப் பார்த்தாள், சித்தப்பாவின் சட்டை தொங்கியதைப் பார்த்தாள்.

"இது யாரோட ரூம் சித்தி?"

"எங்களோடது. உனக்குக் கீழ பெருசா ஒண்ணு வச்சிருக்கேன். திரையெல்லாம் தச்சுப் போட்டிருக்கேன், வந்து பாரு."

"எனக்குன்னுதானே எழுதினே?"

"எழுதினேன்டா."

"அப்புறம் ஏன்?"

"இங்க உயரம் பத்தாதாம்."

வாலு அண்ணாந்து பார்த்தாள். கையை நேரே உயர்த்தினாள், நுனிக்காலில் எம்பினாள், எம்பிக் குதித்தாள். தையல்காரியின் கண்ணுக்கு டேப் வேண்டியதில்லை. பெண் நூற்றுப் பதினெட்டு, அதற்கு மேல் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் முழுசாக ஒரு மீட்டர் காலியாகக் கிடந்தது. அந்த ஒரு மீட்டரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மறுபடியும் காது மடல் சூடேறியது.

"எவ்வளவு இடம் இருக்கு பாரு!" என்றாள் வாலு. "நான் இங்க படுத்தா யாருக்கு என்ன சித்தி?"

தையல்காரிக்கு அதற்குப் பதில் தெரியும். சொல்லித் தொலைக்கலாம் என்றால், நாக்கு நுனியில் வந்து நின்ற சொற்களில் ஒன்றுகூட எட்டு வயசுக் காதில் விழக் கூடியதாக இல்லை.